மறு: ஹைப்ரிட் பிக்கிங் – ‘வில்லைவிரல் மீட்டல்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஹைப்ரிட் பிக்கிங் என்ற கிதார் உத்திக்குத் தமிழ்ப் பெயராக வந்த ‘கலப்பு மீட்டல்’ என்ற பரிந்துரை சுருக்கமாக இருக்கிறது. ஆனால் எதோடு எது கலக்கிறது என்பது அதில் இல்லை. கிதார் கற்க வருகிறவருக்குப் பெயரிலேயே கை பிடிபட வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே ‘வில்லைவிரல் மீட்டல்’ என்பதை முன்வைக்கிறேன். ‘வில்லை’ என்பது பிக், அதாவது கம்பியை மீட்டக் கையில் பிடிக்கும் சிறு தட்டைத் துண்டு.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிக்கைப் பிடித்திருக்கும். நடுவிரலும் மோதிரவிரலும் மற்ற கம்பிகளைச் சுண்டும். சிலர் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொள்வார்கள். ஐந்தாம் கம்பியும் இரண்டாம் கம்பியும் ஒரே நொடியில் ஒலிக்க வேண்டும், இடையில் உள்ளவை ஒலிக்கக் கூடாது என்றால் பிக் மட்டும் போதாது. ஐந்தாவதைப் பிக்கும் இரண்டாவதை நடுவிரலும் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஆல்பர்ட் லீ, டேனி கேட்டன் போன்றோரின் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை வகை) கிதார் வாசிப்பில் அந்த வேகமும் துள்ளலும் வர இந்த உத்தி ஒரு முக்கியக் காரணம்.

‘விரல்பிக் மீட்டல்’ போதாதா என்று ஒரு கேள்வி வந்தது. போதாது; விரலில் மாட்டும் பிக் என்று அதைப் படித்துவிடலாம். கிதார் கலைஞர் செட் அட்கின்ஸ் கட்டைவிரலில் வளையம் போல மாட்டும் பிக்கைப் பயன்படுத்தினார். அவருக்குச் சுட்டுவிரல் விடுதலையாக இருந்தது. அது வேறு முறை. தட்டையான பிக்கை ‘வில்லை’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை. அப்புறம், வில்லை மீட்டல், விரல் மீட்டல், வில்லைவிரல் மீட்டல் என்று மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

கம்பி தாண்டி வாசிப்பதற்கும் சொல் கேட்டிருந்தீர்கள். அதற்குப் புதிதாக உருவாக்கவே வேண்டாம். சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவி யாழ் மீட்டும் எட்டு வகை இசைக்கரணங்களில் (மீட்டும் முறைகளில்) ‘உறழ்தல்’ ஒன்று. ஒரு நரம்பையோ (யாழின் கம்பி) இரண்டு நரம்பையோ இடையில் விட்டு மீட்டி ஆராய்வது என்று பழைய உரை விளக்குகிறது. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்குமா? எனக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சி.

வில்லைவிரல் மீட்டலுக்கான பயிற்சிக் குறிப்பில் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்வேன்: நாலாம் கம்பி வில்லை, மூன்றாவது நடுவிரல், இரண்டாவது மோதிரவிரல் என்று மெதுவாகத் தொடங்கட்டும். வில்லையின் ஒலி கூர்மையாகவும் விரல் ஒலி மழுங்கலாகவும் கேட்கும்; மூன்றும் ஒரே அளவில் கேட்கும்வரை வேகத்தைக் கூட்டக் கூடாது. விரல் ஒலியைக் கூர்மையாக்க வேறு வழியும் உண்டு: கிதார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் நடுவிரலில் தனிப் பிக் மாட்டியே வாசிப்பார். நகம் வளர்ப்பவர்களும் உண்டு.

டேப் குறியீட்டில் (எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்களால் காட்டும் கிதார் எழுத்துமுறை) விரல்களுக்கு ந, மோ, சு என்று போடலாம். சுட்டுவிரல் வில்லையைப் பிடித்திருப்பதால், இந்த முறையில் ‘சு’ சுண்டுவிரலை மட்டுமே குறிக்கும். விரல் மீட்டலில்தான் சுட்டுவிரல், சுண்டுவிரல் இரண்டின் ‘சு’வும் மோதும். அங்கே சுட்டுவிரலுக்கு ‘ட்’ போடலாமா, வேறு எழுத்து தேவையா என்று கிதார் வாசிப்பவர்கள் சொல்லுங்கள்.