ரியாக்ட் நேட்டிவில் எஸ்விஜி லைப்ரரி இல்லாமல் வெக்டர் ஐகான் காட்ட முடியுமா?

பிக்சல்பித்தன்:
ரியாக்ட் நேட்டிவில் (ஜாவாஸ்கிரிப்டில் எழுதி ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் செயலி செய்யும் கருவி) எழுதிய என் செயலியில் நாற்பது ஐகான் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு என்று மூன்று அளவில் பிஎன்ஜி படம், டிசைனர் ஒரு கோடு மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் படக் கோப்பு) காட்டும் ரியாக்ட்-நேட்டிவ்-எஸ்விஜி லைப்ரரி போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது, ஆனால் நீளமான லிஸ்டில் வரிக்கு ஐந்து ஐகான் வந்ததும் ஸ்க்ரோல் திக்குகிறது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்குமே சொந்தமாக வெக்டர் வசதி இருக்கிறதே, அதை நேரடியாக படம் காட்டும் இமேஜ் காம்பொனெண்டில் கொடுக்க வழி உண்டா? ரியாக்ட் நேட்டிவ் வெர்ஷன் 0.76.

இரவுநிரலர்:
உண்டு, ஆனால் முதலில் வெர்ஷனை ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டு எக்ஸ்எம்எல் டிராயபிளை (ஆண்ட்ராய்டின் சொந்த வெக்டர் படக் கோப்பு) இமேஜ் காம்பொனெண்ட் காட்டுவது 0.78இல்தான் (2025 பிப்ரவரி) வந்தது.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் வெக்டர் அசெட் வழியாக எஸ்விஜியை உள்ளே எடுத்தால் டிராயபிள் ஃபோல்டரில் எக்ஸ்எம்எல் விழும். எக்ஸ்கோடில் (ஐஓஎஸ் செயலி உருவாக்கும் மென்பொருள்) அசெட் கேட்டலாகில் அதே எஸ்விஜியை அதே பெயரில் போடுங்கள் (எக்ஸ்கோடு 12க்கு முன்னால் பிடிஎஃப் மட்டும்தான் எடுக்கும்), ஸ்கேலை 'சிங்கிள் ஸ்கேல்' ஆக்கி, 'ப்ரிசர்வ் வெக்டர் டேட்டா'வை டிக் செய்யுங்கள். அந்த டிக்கை மறந்தால் பில்டு நேரத்திலேயே பிட்மேப் (புள்ளிகளால் ஆன படம்) ஆகிவிடும், பெரிதாக்கினால் மங்கும், நீங்கள் வெக்டர்தானே போட்டோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். அப்புறம் ஜாவாஸ்கிரிப்டில் யுஆர்ஐ (படத்தின் முகவரி) இடத்தில் வெறும் பெயர் போதும். அகலம், உயரம் நீங்களே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே தெரியாது. நிறத்துக்கு டின்ட்கலர் இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

பெயரில் ஒரு பொறி: ஐஓஎஸ் பெரிய எழுத்து, ஹைஃபன் எல்லாம் ஏற்கும், ஆண்ட்ராய்டில் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான்.

கோடுகிழிப்பவள்:
டிசைன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வெக்டர் டிராயபிள் என்பது எஸ்விஜியின் ஒரு துண்டுதான். எழுத்து இருந்தால் பாத்தாக (கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், நிழல், ப்ளர் ஃபில்டர் எல்லாம் வராது, கிரேடியண்ட் ஆண்ட்ராய்டு 7இல் இருந்துதான் சரியாக வரும். பெரிய ஓவியங்களை இதில் திணிக்காதீர்கள், 200க்கு 200 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) தாண்ட வேண்டாம் என்று கூகுளின் ஆவணமே சொல்கிறது, ஏனென்றால் முதல் தடவை வரையவே நேரம் பிடிக்கும்.

பிழைதேடி:
எல்லாம் சரி, ஆனால் இந்தப் படங்கள் நேட்டிவ் பைனரிக்குள் (ஸ்டோரிலிருந்து இறங்கும் செயலிக் கோப்பு) போய்விடுகின்றன. ஸ்டோர் வழியாகப் போகாத காற்றுவழி அப்டேட்டில் ஜாவாஸ்கிரிப்டை மட்டும் மாற்றி அனுப்புகிறவர் என்றால், புது ஐகானைக் குறிப்பிடும் நிரல் போய்ச் சேரும், ஐகான் சேராது, அங்கே வெற்றிடம்தான். எனக்கு இது நடந்திருக்கிறது, கடுப்பாக இருந்தது. டேப் பார், லிஸ்ட் மாதிரி அசையாத இடங்களுக்கு நேட்டிவ் வெக்டர், அடிக்கடி மாறுவதற்கு எஸ்விஜி லைப்ரரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். லிஸ்ட் திக்குவதற்குக் காரணமும் அந்த எஸ்விஜி லைப்ரரியில்தான், ஒவ்வொரு பாத்தும் தனி நேட்டிவ் வியூவாக உருவாகிறது.

பிக்சல்பித்தன்:
0.79க்கு ஏற்றிவிட்டேன். லிஸ்ட் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது, நன்றி. ஒரே தலைவலி, டிபக் பில்டில் (சோதனைக்கானது) தெரிந்த ஐகான்கள் ஆண்ட்ராய்டு ரிலீஸ் பில்டில் காணவில்லை!

இரவுநிரலர்:
க்ரேடிலில் (ஆண்ட்ராய்டு பில்டு கருவி) ஷ்ரிங்க் ரிசோர்சஸ் (பயன்படாத கோப்புகளை வெட்டும் வசதி) ஆன் செய்திருக்கிறீர்களா? கையால் போட்ட டிராயபிளின் பெயர் ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் இருந்தால் அது யாரும் பயன்படுத்தாதது என்று நினைத்து வெட்டிவிடும். ரா ஃபோல்டரில் ஒரு எக்ஸ்எம்எல் வைத்து, டூல்ஸ் கீப்பில் (இவற்றை வெட்டாதே என்று சொல்லும் வரி) ஐகான் பெயர்களின் முன்னொட்டைக் கொடுங்கள். ஏற்கனவே கீப் என்ற பெயரில் ரியாக்ட் நேட்டிவ் ஒன்றை உருவாக்கும், மோதாமல் வேறு பெயர் வையுங்கள்.

பிக்சல்பித்தன்:
அதேதான். வந்துவிட்டது. நூற்று இருபது பிஎன்ஜியையும் இப்போதுதான் டெலிட் செய்தேன்.