லாஸ் வேகஸில் நான்கு இரவு, கூடவே அப்பா அம்மா. சூதும் இல்லை, குடியும் இல்லை. போகலாமா?

கயல்விழி எழுதியது:

வணக்கம். ஜூலை இரண்டாவது வாரம் லாஸ் வேகஸ் போகலாம் என்று வீட்டில் பேச்சு. ஐந்து பேர்: நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கிற என் அப்பா, அம்மா. அப்பாவுக்கு 68, பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு, கேட்டால் இல்லை என்பார். அம்மா சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டை எடுப்பது ரம்மிக்கு மட்டும்தான், அதுவும் பொங்கலுக்குப் பொங்கல். கணவர் எப்போதாவது ஒரு பீர் குடிப்பார், மாமனார் எதிரில் அதுவும் இல்லை.

அப்புறம் ஏன் வேகஸ் என்று கேட்பீர்கள். விமான டிக்கெட் மலிவு, வார நாட்களில் ஹோட்டல் அறை நம்ப முடியாத விலைக்குக் காட்டுகிறது, அங்கிருந்தே கிராண்ட் கேன்யனை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. ஜூலை வெயில் தாங்குமா? ரிசார்ட் ஃபீ என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன? ஹோட்டல் வாசலிலேயே கேசினோ இருக்குமாம், பையனை எப்படி அழைத்துப் போவது? அம்மா சாப்பாட்டுக்கு என்ன செய்வது? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

-----

பாலைவனக்காகம் எழுதியது:

பதினோரு வருடமாக இந்த ஊர்வாசி. வருகிற விருந்தாளிகளை எல்லாம் ஸ்ட்ரிப் என்கிற கேசினோ ஹோட்டல் தெருவுக்குக் கூட்டிப் போய்க் கூட்டிப் போய் எனக்கே கால் தேய்ந்துவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

வெயில் விளையாட்டில்லை. இங்கே ஜூலை மதியம் என்றால் 40, 41 டிகிரி செல்சியஸ் சாதாரணம். 2024 ஜூலை 7 அன்று 48.9 தொட்டது, இந்த ஊரில் இதுவரை பதிவானதில் அதுதான் உச்சம். ராத்திரி பத்து மணிக்கு வெளியே வந்தாலும் யாரோ அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். நம் ஊர்க்காரர்கள் "நாங்கள் பார்க்காத வெயிலா" என்பார்கள். சென்னையில் சட்டை நனைந்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். இங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், உடம்பு வற்றுவதே தெரியாது, திடீரென்று தலை சுற்றும். அப்பாவோ அம்மாவோ ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தூரம். ஸ்ட்ரிப் என்கிற அந்தத் தெரு கிட்டத்தட்ட 6.8 கிலோமீட்டர். கட்டிடங்கள் ஒவ்வொன்றும் மலை மாதிரி இருப்பதால் அடுத்த ஹோட்டல் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். "இதோ தெரிகிறதே" என்று கிளம்பினால் மேம்பாலம் ஏறி, இறங்கி, நடுவில் ஒரு கேசினோவைக் கடந்து, கடைகளைக் கடந்து, மறுபடி மேம்பாலம் ஏறி இருபத்தைந்து நிமிடம் ஆகும். எஸ்கலேட்டர் வேலை செய்யாத நாளில் முழங்கால் கதி அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் சஹாராவிலிருந்து எம்ஜிஎம் கிராண்ட் வரை மோனோரயில் ஓடுகிறது, விமான நிலையத்துக்கு மட்டும் போகாது. (ஒரு கூடுதல் தகவல்: ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. பாரடைஸ் என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. சொர்க்கம் என்று பெயர் வைத்துவிட்டு 41 டிகிரி.)

ரிசார்ட் ஃபீ என்பது வைஃபை, நீச்சல் குளம், ஜிம் என்று காரணம் சொல்லி அறை வாடகைக்கு மேல் ஓர் இரவுக்கு 40, 50 டாலர் கறப்பது. நீங்கள் குளத்தில் கால் வைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி இதையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும், ஆனாலும் அதற்கு மேல் 13 சதவீதத்தை ஒட்டி அறை வரி வரும். ஐந்து பேருக்கு இரண்டு அறை என்றால் எல்லாமே இரண்டு மடங்கு. கடைசிப் பக்கத்துத் தொகையைப் பார்க்காமல் அட்டை எண்ணைத் தட்டாதீர்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது விடாரா. பெலாஜியோ ஹோட்டலை ஒட்டி இருக்கிறது, கேசினோ கிடையாது, உள்ளே புகைபிடிக்கவும் அனுமதி இல்லை, அறையிலேயே சின்னச் சமையலறை உண்டு. எம்ஜிஎம் கிராண்டுக்குப் பின்னால் இருக்கும் சிக்னேச்சரும் இதே ரகம்தான். மற்றப் பெரும்பாலான ஹோட்டல்களில் லிஃப்டுக்குப் போகக் காசு போட்டு ஆடுகிற ஸ்லாட் மெஷின் கூட்டத்தைக் கடந்து, சிகரெட் புகைக்குள் புகுந்துதான் போக வேண்டியிருக்கும். சாதாரண அறைகளில் இருக்கிற குட்டி ஃபிரிட்ஜை நம் சாமான் வைக்கலாம் என்று திறக்காதீர்கள். பல ஹோட்டல்களில் உள்ளே சென்சார் இருக்கிறது. என் மச்சான் சாக்லேட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான், பில்லில் வந்துவிட்டது. முன் மேசையில் சண்டை போட்டு நீக்க அரை மணி நேரம்.

-----

கைகழுவியவன் எழுதியது:

சூதாட்டம் பற்றி நான் சொல்கிறேன், ஒரு காலத்தில் வருடத்துக்கு நான்கு தடவை போனவன் என்ற தகுதியில்.

முதலில் பையன் விஷயம். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர்களோடு கேசினோ தளத்தை நடந்து கடக்கலாம், நிற்கத்தான் கூடாது. நண்பன் ஒருவன் மகனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு "ஒரே ஒரு தடவை" என்று மெஷினில் நோட்டைச் சொருகினான், பட்டனை அமுக்குவதற்குள் பாதுகாவலர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் பையன் பயந்துபோய் அன்று முழுக்கப் பேசவே இல்லை.

அடுத்து, "நாங்கள் ஆட மாட்டோம்" என்று உறுதியாக வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் :) மூன்றாவது ராத்திரி அப்பாவுக்கே ஆசை வரும். வந்தால் தடுக்காதீர்கள், ஆளுக்கு இருபது டாலர் ரொக்கமாகக் கையில் கொடுத்து, அட்டையை அறையிலேயே வைத்துவிடுங்கள். ரூலெட் (சுற்றுகிற சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டுவது) என்றால் உட்காரும் முன் சக்கரத்தில் பூஜ்யம் எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு பூஜ்யம் இருந்தால் வைக்கிற பணத்தில் சராசரியாக 2.7 சதவீதம் கேசினோவுக்கு, இரண்டு இருந்தால் 5.26, மூன்று இருந்தால் 7.69. அந்த மூன்று பூஜ்யச் சக்கரம் இப்போது ஸ்ட்ரிப்பில் சாதாரணமாகிவிட்டது. சீட்டில் 21 சேர்க்கிற பிளாக்ஜாக்கும் அப்படித்தான், மேசைத் துணியில் 3 to 2 (இரண்டுக்கு மூன்று) என்று எழுதியிருக்கிறதா, 6 to 5 (ஐந்துக்கு ஆறு) என்றா என்று பாருங்கள். பத்து டாலர் வைத்து, முதல் இரண்டு சீட்டிலேயே 21 (அதுதான் பிளாக்ஜாக்) விழுந்தால் முதல் மேசையில் 15 டாலர், இரண்டாவதில் 12. அதே சீட்டு, அதே அதிர்ஷ்டம், மூன்று டாலர் காணாமல் போகிறது. நான் இதைக் கவனிக்கவே இரண்டு வருடம் ஆனது, அந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு போனது என்று மனைவிக்கு இன்னும் தெரியாது.

பெற்றோர் விசிட்டர் விசாவில் இருப்பதால் இன்னொன்று: ஸ்லாட்டில் பெரிய தொகை விழுந்தால் வெளிநாட்டவருக்கு 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ரூலெட், பிளாக்ஜாக்குக்கு அந்தப் பிடித்தம் இல்லை. விழாது என்பது வேறு விஷயம்.

தெருவெல்லாம் கஞ்சா வாசனை வரும், அம்மா என்ன நாற்றம் என்று கேட்பார், பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தில் 2017 முதல் 21 வயது நிரம்பியவர்கள் கடையில் வாங்கலாம், ஆனால் மத்தியச் சட்டப்படி இன்னும் குற்றம்தான். விசாவில் இருப்பவர்கள் கடை வாசற்படியைக்கூட மிதிக்காமல் இருப்பது நல்லது. தெருவில் இறகு வைத்த தொப்பியோடும் பொம்மை வேஷத்தோடும் நிற்பவர்கள் பையனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிடுவார்கள், எடுத்தால் காசு கேட்பார்கள்.

-----

சக்கரக்கால் எழுதியது:

காகம் அண்ணன் ஜூலையை ரொம்பவே பயமுறுத்திவிட்டார். நான் இரண்டு முறை ஜூலையில்தான் போனேன், அறை மலிவாக இருந்தது, அதில் மிச்சம் பிடித்ததில்தான் கேன்யன் பயணமே நடந்தது. ஆனால் ஒரே நாளில் கிராண்ட் கேன்யன் என்ற கணக்கை உங்கள் கணவர் திரும்பப் போட வேண்டும் :)

வேகஸ்காரர்கள் கிராண்ட் கேன்யன் என்று இரண்டு வெவ்வேறு இடங்களைச் சொல்வார்கள். மேற்கு விளிம்பு சுமார் 200 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவில் சேராது, பூங்கா பாஸ் அங்கே செல்லாது. 2007இல் திறந்த கண்ணாடிப் பாலம் ஸ்கைவாக் அங்கேதான் இருக்கிறது. ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் படங்களில் பார்த்து நாம் மனதில் வைத்திருக்கிற அந்தக் கேன்யன் தெற்கு விளிம்பு. அது 450 கிலோமீட்டர், ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் காரில் உட்கார்ந்தால் அப்பாவின் முழங்கால் வலி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

என் யோசனை, வேகஸில் மூன்று இரவு, நான்காவது இரவு வில்லியம்ஸ் என்ற ஊரிலோ பூங்கா வாசலில் இருக்கும் டுசாயானிலோ. தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம், வேகஸ் 41இல் வேகும் நாளில் அங்கே 28, 29தான், மாலையில் மேலே ஒரு சால்வை வேண்டியிருக்கும். ஜூலையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் திடீரென்று வரும் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். 2026 தொடக்கத்திலிருந்து கிராண்ட் கேன்யன் உட்படச் சில பூங்காக்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. பெற்றோருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று பூங்காவின் தளத்தில் படித்துவிட்டுக் கிளம்புங்கள், வாசலில் போய் விழிக்க வேண்டாம்.

போகிற வழியில் ஹூவர் அணை. பொதுப்பணித்துறை என்று படித்ததுமே இதைத்தான் நினைத்தேன். நம் மேட்டூர் 1934இல் முடிந்தது, இது 1936இல், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள். இதன் உயரம் 221 மீட்டர். கான்கிரீட் இறுகும்போது கிளம்புகிற சூட்டைத் தணிக்க உள்ளே குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டிருக்கிறார்கள். இதை நான் ஒரு வரியில் சொல்கிறேன், உங்கள் அப்பா அரை மணி நேரம் சொல்வார். அணையின் மேலே நடக்கக் காசு இல்லை, கார் நிறுத்தத்தான் கட்டணம். நீர் உள்வாங்கும் கோபுரங்களில் நெவாடாவுக்கு ஒன்று, அரிசோனாவுக்கு ஒன்று என்று கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் ஜூலையில் இரண்டும் ஒரே நேரம் காட்டும், குளிர்காலத்தில்தான் ஒரு மணி நேரம் வித்தியாசம். என் பெண் அணையை மறந்துவிட்டாள், அந்தக் கடிகாரத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். திரும்பி வந்து காரில் ஏறும்போது சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கைப் பையன் வெறும் கையால் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்குக் கொப்புளமே வந்தது.

-----

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரே ராத்திரியில் திட்டமே மாறிவிட்டது. மூன்று இரவு வேகஸ், ஓர் இரவு வில்லியம்ஸ். அணை என்று சொன்னதுதான் தாமதம், அப்பா பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து மதகு படம் போட ஆரம்பித்துவிட்டார், கேசினோ ஊர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சமையலறை உள்ள அறை என்றதும் அம்மா குட்டி ரைஸ் குக்கரையும் புளிக்காய்ச்சலையும் பெட்டியில் வைத்தாயிற்று. கணவர் மட்டும் முகம் தொங்கிப்போய் இருக்கிறார், அவரை ஒரு ராத்திரி தனியாக அவிழ்த்துவிடலாம் என்று இருக்கிறேன், இருபது டாலரோடு.

மூன்று மாலை இருக்கிறது. அதிகம் நடக்காமல் எதைப் பார்க்கலாம்?

-----

பாலைவனக்காகம் எழுதியது:

சக்கரக்கால் சொன்ன வில்லியம்ஸ் யோசனை எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. அப்படியானால் ஜூலை சரி, ஆனால் வேகஸில் பகல் பதினொன்று முதல் ஆறு வரை வெளியே தலை காட்டாதீர்கள். அந்த நேரத்தில் பெலாஜியோ உள்ளே இருக்கும் பூந்தோட்டத்தைப் பாருங்கள், காசில்லை, ஏசி உண்டு, அம்மாவுக்குப் பிடிக்கும். விடாராவிலிருந்து இலவச ட்ராம் இருக்கிறது.

முதல் மாலை பெலாஜியோ நீரூற்று. இரவு எட்டிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை ஆடும், காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டாவது மாலை ஃப்ரிமாண்ட் தெரு, வாடகைக் காரில் போய்விடுங்கள். பழைய வேகஸ் அதுதான், தெருவில் ஒரு நீண்ட பகுதிக்குத் தலைக்கு மேலே விளக்குக் கூரை. இருட்டியதும் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் அங்கே நிற்கிறவர்கள் மேல் இருக்கிற துணியைப் பற்றி அம்மாவுக்கு விளக்க முடியாது.

மூன்றாவது நாள் அதிகாலை ஆறு மணிக்கே ரெட் ராக் கேன்யன் போங்கள். 21 கிலோமீட்டர் வட்டப் பாதை, காரைவிட்டு இறங்காமலே சிவப்புப் பாறைகளைப் பார்க்கலாம். திரும்பும் வழியில் சம்மர்லினில் இந்துக் கோயில் இருக்கிறது, நடை திறக்கும் நேரத்தை மட்டும் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை ஸ்ஃபியர் என்கிற உருண்டை அரங்கம், வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே டிக்கெட் விலை உங்கள் ஐந்து பேருக்குத் தலை சுற்றும். 112 மீட்டர் உயர உருண்டை முழுக்க வெளியிலேயே விளக்குப் படம் ஓடுகிறது, பையன் அதைப் பார்த்தே வாயைப் பிளப்பான்.

ஒன்று விட்டுப்போனது. ஸ்ட்ரிப் மேம்பாலங்களில் நிற்கவே கூடாது என்று 2024இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அப்பா மூச்சு வாங்கினால் பாலத்தில் வேண்டாம், இறங்கியதும் ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்து உட்கார வையுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஸ்லாட் மெஷின் நாற்காலியில் மட்டும் பையனை உட்காரவிடாதீர்கள்.