மறு: ‘பூட் ஆகுதில்லை’ – ஒரு சொல்லா, மூன்று சொற்களா?

வணக்கம்.

> பூட் என்பதற்குத் ‘துவக்கம்’ போதும். இனியும் இழுக்க வேண்டாம்.

பூட் என்றால் கணினி மின் பெற்று எழுந்து வேலைக்குத் தயாராவது. அதற்கு அந்தச் சொல் உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போதும், ஐயா. இங்கே கொழும்பில் துவக்கு என்றால் துப்பாக்கி. திரையில் ‘கணினியைத் துவக்கு’ என்று வந்தால் வெள்ளவத்தைக்காரர் சிரிப்பார், இல்லையென்றால் திடுக்கிடுவார். ‘தொடங்கு’ எங்களுக்குப் பழகிய சொல்தான். ஆனால் எந்தச் செயலியைத் திறந்தாலும் அதே சொல் வருகிறதே.

என் வழக்கு வேறு. பம்பலப்பிட்டிக் கணினிக் கடைக்குப் பெட்டியைத் தூக்கி வருபவர் சிங்களத்தில் ‘பூட் வென்னே நே’ என்பார், தமிழில் ‘பூட் ஆகுதில்லை’ என்பார். திருத்துபவருக்கு அது காணாது. “ஃபேன் சுத்துதா? லோகோ வருதா?” என்று கேட்டுக் கேட்டுத்தான் கோளாறு எங்கே என்று பிடிப்பார். அந்தக் கேள்விகளுக்குள் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. உதவிக் குறிப்பு எழுதும் நாம் மூன்றையும் ‘துவக்கம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

பொத்தானை அழுத்தியும் ஒரு அசைவும் இல்லையா? சுவர் ஆளி, பெட்டியின் முதுகில் உள்ள சிறு ஆளி, வயர், மின்வழங்கி. இதற்குப் புதுச்சொல் வேண்டாம், ‘மின் வரவில்லை’ போதும். ‘மின்னேற்றம்’ என்று முன்மொழிந்திருந்தார்கள், ஆனால் அது போன் சார்ஜுக்குப் போய்விட்டது.

சிக்கல் இரண்டாவதில். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பு. பையோஸ், அதாவது தாய்ப்பலகையில் முதலில் ஓடும் சிறு நிரல், தன் வேலையைத் தொடங்கி, நினைவகத்தையோ திரை அட்டையையோ சோதிக்கும்போது நின்றுவிட்டது என்று பெரும்பாலும் பொருள். இங்கே முதலில் கைவைப்பது ராமில், அதாவது நினைவக அட்டையில். கடற்காற்றும் ஈரப்பதனும் உள்ள ஊர், தொடுமுனைகள் மங்கிவிடும். கரண்டை நிறுத்தி, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, பூட்டு ‘டக்’ என்று விழும்வரை அழுத்திப் போடுவார்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் 2032 பட்டன் பற்றரியைச் சற்று நேரம் கழற்றிவைத்து அமைப்புகளை அழிப்பார்கள். பழைய அவார்ட் பையோஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும் பீப்பும் வந்தால் திரை அட்டையில் பிழை. வேறு நிறுவனத்தின் பையோஸுக்குக் கணக்கு வேறு, அந்தத் தாய்ப்பலகையின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் பீப்பும் இல்லை, சிறு விளக்குதான் காட்டிக்கொடுக்கும்.

இதைக் கடையில் ‘போஸ்ட் ஆகுதில்லை’ என்பார்கள். மின் வந்ததும் கணினி தன்னைத்தானே சோதிப்பதன் (பவர்-ஆன் செல்ஃப்-டெஸ்ட்) சுருக்கம் அது. எழுத்தில் போட்டால் தபால் கந்தோர்தான் நினைவுக்கு வரும். ‘சுயபரிசோதனை’ மனச்சாட்சிக்காரர்களின் சொல். நான் கேட்பது ‘தற்சோதனை’.

மூன்றாவதில் லோகோ வரும், பிறகு வட்டு இல்லை என்று செய்தி வரும், அல்லது விண்டோஸ் பாதியில் நிற்கும். வட்டின் வயர், பையோஸில் எந்த வட்டு முதலில் என்ற வரிசை, வட்டே பழுதா என்று தேட வேண்டியது இங்கேதான். ராமைத் தேய்த்துப் பயனில்லை. இதற்கு எழும்புதல் என்ற பொருளில் ‘எழுதல்’ அழகான சொல், ஆனால் வட்டில் எழுதுவதோடு முட்டும். பூட் என்ற சொல்லுக்குப் பின்னாலுள்ள, சப்பாத்து வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்குகிற ஆங்கிலக் கதையை நாம் சுமக்கவும் தேவையில்லை. 1964இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினியில் இந்த வேலைக்கு ‘இனிஷியல் புரோகிராம் லோட்’ (முதல் நிரலை ஏற்றுதல்) என்றுதான் பெயர் வைத்தது. ஆகவே ‘முதலேற்றம்’. வட்டிலிருந்து விண்டோஸ் போன்றவற்றை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடர் ‘முதலேற்றி’.

‘தற்சோதனை முடிந்தது, முதலேற்றம் இல்லை’ என்று ஒருவர் எழுதிக் கேட்டால், பதில் சொல்பவர் நேரே வட்டுக்குப் போகலாம்.

---

> துவக்கு விஷயம் எனக்குப் புதுசு, ஐயா! முதலேற்றம் சரி. ரீபூட்டுக்கு என்ன செய்வது? ‘மறுமுதலேற்றம்’ வாயில் நுழையாது.

நுழையாதுதான். பொத்தானில் ‘மீள்தொடக்கு’ என்றே இருக்கட்டும். அழுத்துபவருக்கு உள்ளே நடப்பது தேவையில்லை. ‘தற்சோதனை’க்கு மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள், பிழைச் செய்திகளில் இன்னும் ஏற்றவில்லை.