பெரியப்பா நினைவு மலர்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

கதிர்: நினைவு மலரை இன்றிரவே அச்சகத்துக்கு அனுப்பினால்தான் பதினாறாம் நாளுக்குக் கைக்கு வரும். போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியது பற்றிப் பெரியப்பா எழுதி வைத்த கட்டுரைக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. எதைக் குறைப்பது?

செல்வி: அப்பா எழுத்தில் கை வைக்காதே.

வசந்தா: அண்ணன் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். கட்டுரையை யார் படிக்கப் போகிறார்கள்?

செல்வி: அத்தை!

முருகேசன்: நான் படிப்பேன். அத்தான் எனக்குப் பலமுறை விளக்கிய விஷயம் இது. 1911இல் சர்ச்சில் பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் ஆனார். அட்மிரல் ஃபிஷர் அதற்கு முன்பிருந்தே எண்ணெய்க்கு மாறச் சொல்லி வந்தவர். எடைக்கு எடை நிலக்கரியைவிட எண்ணெயில் வெப்பம் அதிகம். வேகம் கூடும், புகை குறையும், நடுக்கடலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். 1912இல் குயின் எலிசபெத் வகைப் போர்க்கப்பல்களை எண்ணெயில் மட்டுமே ஓடும்படி கட்ட முடிவு செய்தார்கள். வேல்ஸில் உயர்தர நிலக்கரி கிடைத்தது. எண்ணெய்க்கோ வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும்.

இளங்கோ: கதிர், வேன் சொல்லியாயிற்றா?

கதிர்: ஒன்று சொல்லிவிட்டேன் அப்பா. இரண்டாவதை மாமா பார்ப்பதாகச் சொன்னார்.

முருகேசன்: இருங்கள், இன்னும் முடிக்கவில்லை. அதனால் பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், எண்ணெய் எடுத்த ஆங்கிலோ பெர்ஷியன் எண்ணெய் நிறுவனத்தில் 22 லட்சம் பவுண்டு போட்டு அரசே 51 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளும் திட்டம். 1914 ஜூன் 17 அன்று நாடாளுமன்றத்தில் ஆதரவு 254, எதிர்ப்பு 18. பிறகு பாரசீகத்தை விடுவார்களா? 1951இல் ஈரான் பிரதமர் மொசாதெக் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். 1953இல் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. அத்தானுக்கு ஆற்றாமை தந்த இடம் இது. வெட்டாதீர்கள்.

நிலா: தாத்தா, கரி அள்ளிப் போட்டவர்கள் என்ன ஆனார்கள்?

முருகேசன்: கொதிகலனுக்குக் கரி தள்ள அத்தனை பேர் தேவைப்படவில்லை. முன்பெல்லாம் துறைமுகத்தில் கரி ஏற்றும் நாளில் கப்பல் முழுக்க வேலை, எல்லார் உடம்பிலும் கரித்தூசி. அத்தான் அதையும் எழுதியிருக்கிறார். அருமையான கேள்வி கேட்டாய் கண்ணு.

வசந்தா: எம்டன் வருகிறதா? உயர் நீதிமன்றச் சுவரில் அந்தக் கல்வெட்டைக் காட்ட அண்ணன் எங்களைக் கூட்டிப்போனாரே.

முருகேசன்: வருகிறது. 1914 செப்டம்பர் 22 அன்று அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. அதில் எரிந்தவை பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள். 1909இல் ஆங்கிலோ பெர்ஷியனை உருவாக்கியதும் அதே பர்மா ஆயில்தான். எம்டன் ஓடியது நிலக்கரியில். கரி ஏற்றிய கப்பலைக் கூடவே வைத்துக்கொண்டு திரிய வேண்டியிருந்தது.

இளங்கோ: எல்லாரும் இருக்கும்போதே கேட்கிறேன். அண்ணனின் புத்தக அலமாரி யாருக்கு?

செல்வி: இங்கே வேண்டாம் சித்தப்பா.

வசந்தா: வீடு பிரித்த அன்றும் இதையேதான் சொன்னாய் செல்வி.

செல்வி: அன்று அப்பா உயிரோடு இருந்தார் அத்தை.

கதிர்: அக்கா, படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் ஒன்றரைப் பக்கம் கிடைக்கும்.

வசந்தா: படத்தைச் சுருக்கக் கூடாது. உளுந்து எத்தனை கிலோ என்று யாராவது சொல்லுங்கள், கடை அடைத்துவிடுவான்.

நிலா: கதிர் மாமா, பின் அட்டை காலியாகத்தானே இருக்கிறது?

இளங்கோ: அதில் பேரப்பிள்ளைகள் பெயர் போட வேண்டும்.

முருகேசன்: பெயர்களைச் சின்ன எழுத்தில் போடலாம் மச்சான். 1953 பத்தி இருக்கட்டும்.

கதிர்: அச்சகத்திலிருந்து அழைக்கிறார்கள். அக்கா, நீங்களே சொல்லுங்கள்.

செல்வி: ஒரு மணி நேரம் கேள். இன்னொரு முறை படித்துவிட்டுச் சொல்கிறேன்.