புதுப்பிப்பு: பொம்மையைப் பகிர்ந்துகொள்ளப் படக்கதை உதவுமா?

மூன்றரை வயது மகள், என் தங்கை பையனைத் தன் பொம்மைகளைத் தொடவே விடுவதில்லை, படக்கதைகள் உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உதவுகிறது. ஆனால் வாசிக்கும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிலவற்றை இறக்கி அச்செடுத்தேன். “பார்த்தியா, அவ குடுத்தா, நீயும் குடு” என்று சொன்னால் கதையே கசந்துபோகிறது. அதனால் படத்திலேயே நின்று, “இந்தத் தம்பி முகம் ஏன் இப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்கிறேன். மகள் படத்திலிருந்த தம்பியின் வாயை விரலால் தடவிப் பார்த்து, “அவனுக்குப் பந்து கிடைக்கல” என்றாள். அப்புறம் பக்கத்தைத் திருப்பவே விடவில்லை.

சண்டை நடக்கும்போது புத்தகத்தை எடுப்பதில்லை. இரவில் படுக்கும் முன்தான். இந்த வயதில் ‘கொடுத்துவிடு’ என்பதைவிட ‘முதலில் நீ, அடுத்து அவன்’ என்பது எளிதாகப் புரிகிறது. கொடுத்தது திரும்பி வரும் என்ற நம்பிக்கை வேண்டும், பாவம். ஊஞ்சலில் இப்போது பத்து எண்ணியதும் இறங்கிவிடுகிறாள்.

துணி யானையை மட்டும் தருவதில்லை. தர வேண்டியதும் இல்லை. தங்கை பையன் வரும் முன்பே அதை அலமாரியில் எடுத்து வைத்துவிடுகிறோம்.