ஊர் முழுக்க மக்காச்சோளம் வேண்டாம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நெல் சாகுபடியை விட்டு ஊரே மக்காச்சோளத்துக்கு மாறலாம், விதைக்கு நம் ஊர்ச் சங்கம் பணம் தரலாம் என்று குவைத்தில் இருக்கும் அண்ணன் எழுதியிருந்தார். நெல்லை விடத் தண்ணீர் குறைவு, நாமக்கல் கோழித் தீவனத்துக்கு எப்போதும் தேவை. இரண்டும் உண்மைதான். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மக்காச்சோளத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எப்போது தண்ணீர் என்பதுதான் முக்கியம். விதைத்து 50, 60 நாளில் உச்சியில் பூ வரும், கதிரில் நூல் விடும். அந்தச் சமயம் மண் காய்ந்தால் நூல் பிந்தும், மகரந்தம் வீணாகும். "கதிரு இருக்கு, மணி இல்லப்பா" என்று சித்தப்பா போனில் சொன்னது இதைத்தான். ஐப்பசியில் விதைத்தால் பூக்கும்போது மார்கழி. மழை அதற்குள் நின்றுவிட்டால் கை கொடுக்க என்ன இருக்கிறது? குண்டாறு மழை பெய்தால் ஓடுகிற ஆறு, நாமோ அதன் கடைமடை. கடலோரக் கிணறுகள் உப்பு. அதை இறைத்தால் மக்காச்சோளம் கருகும். பருத்தியும் கம்பும் ஓரளவு தாங்கும்.

இன்னொரு பக்கம், மொத்தமாகக் கொட்டுகிற மழை. கடல் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மக்காச்சோளத்தின் வளரும் நுனி, ஐந்தாறு இலை விடும் வரை மண்ணுக்குள்ளேதான் இருக்கும். அப்போது வயலில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் பயிர் போச்சு. நெல்லுக்கு இந்தப் பயம் இவ்வளவு கிடையாது.

அப்புறம் மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு. 2018-ல் தமிழ்நாட்டுக்குள் வந்தது. வெப்பம் கூடினால் அதன் தலைமுறைகள் சீக்கிரம் சீக்கிரமாக வருகின்றன, மழை இடைவெளி விட்டால் குருத்துக்குள் புகுந்து தின்கிறது. ஊரே ஒரே பயிர் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

மக்காச்சோளமே கூடாது என்று சொல்லவில்லை. மேட்டுப் புஞ்சைக் கரிசலில், பார் பிடித்து, வடிகால் வெட்டி, விரும்புகிறவர்கள் கொஞ்சம் போடட்டும். கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு, வரப்பில் தட்டைப்பயறு. மற்ற இடத்தில் குண்டு மிளகாயும் கம்பும் பருத்தியும் இருக்கட்டும்.

சங்கப் பணத்தை விதைக்குப் போடாமல், ஆற்றுத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்க்குப் போடுவோம். சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஆற்றில் தண்ணீர் வந்தாலும் கண்மாய்க்கு ஏறவில்லை. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் மார்கழியில் ஒரு தடவையாவது பாய்ச்ச முடியும். உபரித் தண்ணீர் வழியும் கலுங்கும், வயலுக்குத் திறந்துவிடும் மடையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர்வளத் துறை அனுமதிக்கு ஊரில் இருப்பவர்கள் மனு கொடுக்கத் தயார். வேலை ஆவணிக்குள் முடிய வேண்டும், புரட்டாசியில் உழவு தொடங்கிவிடும். சம்மதமா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் எல்லோரும் எழுதுங்கள். குவைத் அண்ணன் முதலில் எழுதினால் நன்றாக இருக்கும்.