பேய்ப் பாட்டுக்கு ஆர்க்கெஸ்ட்ரா: வார்த்தை அமுங்கிப் போகிறது

முத்தியால்பேட்டை:
வணக்கம். புளியமரத்துப் பேய் பல்வலியோடு வைத்தியரைத் தேடிப் போகிற வேடிக்கைக் கவிதை, எட்டுக் கண்ணி. ஆர்க்கெஸ்ட்ராவோடு பாட இசையமைத்திருக்கிறேன்: பாரிடோன் (நடுத்தர ஆண்) குரல், வயலின் 7, வியோலா 2, செல்லோ 2, டபுள் பாஸ் 1, புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ன் 2, டிம்பனி (பெரிய கிண்ண முரசு), சைலஃபோன் (மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பது). பயம் வருகிறது, சிரிப்பு வரவில்லை. பியானோவோடு தெளிவாக இருக்கிற வரி, ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்ததும் பின்வரிசைக்குக் கேட்பதில்லை. மைக் இல்லாமல் வழி உண்டா?

மஞ்சக்குப்பம்:
உண்டு சார். பாரிடோன் பாடுகிற சுர உயரத்திலேயேதான் ஹார்ன், செல்லோ, கிளாரினெட்டின் கீழ்ப்பகுதி எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு சன்னமாக வாசித்தாலும் இழுக்கிற சுரம் மெய்யெழுத்தை விழுங்கிவிடும். சிரிப்பு வரிக்கு அடியில் டபுள் பாஸ் பிட்சிகாட்டோ (தந்தியை விரலால் மீட்டுவது), மேலே புல்லாங்குழல், அவ்வளவுதான். நடுவைக் காலியாக விடுங்கள். கிளிசாண்டோ (சுரத்தை வழுக்கி இழுப்பது), ட்ரெமொலோ (ஒரே சுரத்தை வேகமாக நடுங்க வாசிப்பது) எல்லாம் வரி முடிந்த பிறகு. பாடகருக்கு முன்னால் வாத்தியம் சிரித்துவிட்டால் சபை சிரிக்காது.

குறில் நெடிலையும் பாருங்கள். "பல்"லை இரண்டு தாள அடிக்கு (பீட்) இழுத்தால் "பால்" என்றுதான் காதில் விழும், கதையே மாறிவிடும். அரை அடி பாடி மீதியை ஓய்வாக விடுங்கள். நீட்டியே ஆக வேண்டுமென்றால் "ல்"லில் நிற்கட்டும். அடிக்கு நான்கு எழுத்து வைத்தால் வேகம் நிமிடத்துக்கு 84 அடியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் "க்க", "ட்ட" எல்லாம் சிதறும்.

லாஸ்பேட்டை:
எலும்புச் சத்தத்துக்கு வில்லின் மரத்தால் தட்டுகிற கோல் லேன்யோ இருக்கிறது. ஏழு வயலினில் அது சன்னமாகத்தான் கேட்கும், சைலஃபோனை அதே சுரத்தில் சேருங்கள். நல்ல வில்லின் மெருகு போகும் என்று தயங்குவார்கள்; பழைய வில்லோ பென்சிலோ போதும்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் தன் 'தான்ஸ் மகாப்ர்' (மரண நடனம்) பாட்டை 1874-இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது, குரலின் பங்கில் பெரும்பகுதியைத் தனி வயலினுக்குக் கொடுத்தார். அதில் இ தந்தி அரைச்சுரம் இறங்கியிருக்கும்; பக்கத்து ஏ தந்தியோடு சேர்த்து இழுத்தாலே ட்ரைடோன் என்கிற, காதை உறுத்தும் பேய் இடைவெளி வந்துவிடும். உங்களுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே கடற்காற்றில் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) ஊறி இறுகும், ஏசி அரங்கத்தில் காய்ந்து நழுவும். நடுவில் திருகாமல், முன்பே இறக்கிச் சுருதி சேர்த்த இன்னொரு வயலினை மேடையில் வையுங்கள்.

கடலூர் முதுநகர்:
உடுக்கை ஒன்று சேருங்களேன். அதன் இடுப்புக் கயிற்றை அழுத்தி விட்டால் சுருதி ஏறி இறங்கும். நம்மூர்க் காதுக்குப் பேயோட்டுவது உடனே புரியும். டிம்பனியின் மிதியை அழுத்தி வாசிக்கும் கிளிசாண்டோ அதற்குப் பதில் சொல்லட்டும். கண்ணிகளுக்கு நடுவே இரண்டு பார் (தாளச் சுற்று) போதும், பாட்டுக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

பாடகர் கோமாளிக் குரல் போடக் கூடாது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகிற பகுதியைப் படியுங்கள். அந்தப் பசி நிஜப் பசி, அதனால்தான் சிரிப்பு வருகிறது. உங்கள் பேய்க்கும் பல்வலி நிஜமாக இருக்கட்டும்.

முத்தியால்பேட்டை:
நன்றி. எந்த வாத்தியத்தை முதலில் குறைப்பது?

மஞ்சக்குப்பம்:
கவிதையைப் படிக்காத ஒருவரை ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார்த்தி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் விட்ட இடங்களில் முதலில் ஹார்னை எடுங்கள், பிறகு செல்லோவை.